எந்தச் சாமிக்கு எந்தக் காது

போடியில் இறங்க வேண்டிய நான் போடிமெட்டில் கண் விழித்தேன். ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை, வெறும் மூடுபனி. "ஏனுங்க, போடி வந்துருச்சுங்களா?" என்று கேட்டதற்குக் கண்டக்டர் என்னை முறைத்தார். "போடியா? அது கீழ போயி ஒரு மணி நேரமாச்சு. தூங்குறதுக்கா பஸ்சுல ஏறுனீக?" எழுப்பிவிடச் சொல்லித்தான் ஏறியிருந்தேன். அதைச் சொல்லிக் காட்டி நாலு வார்த்தை கத்தினேன். அவர் பாட்டுக்கு விசில் கொடுத்தார், பஸ் மூணாறு பக்கம் போயே போய்விட்டது. நானும் என் பையும் மலை உச்சியில் நின்றோம்.

நான் நாமக்கல் பக்கத்துக்காரி. ஆடு, கோழி வளர்க்கக் கற்றுக்கொடுப்பது தொழில். இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் பயிற்சி என்று எந்த ஊரில் கூப்பிட்டாலும் கிளம்பிவிடுவேன். இந்த முறை வர வேண்டியவருக்கு மஞ்சள் காமாலை. போனில் அவர்கள் கேட்டு முடிக்கும் முன்பே "வர்றனுங்க" என்று சொல்லிவிட்டேன். வீட்டில் நாலு நாள் சேர்ந்தாற்போல் இருந்தால் எனக்கு மூச்சு முட்டும். "உன் காலில் சக்கரத்தைக் கட்டித்தான் அனுப்பியிருக்கிறான் ஆண்டவன்" என்பார் என் வீட்டுக்காரர்.

டீக்கடையில் பாலில்லாத கட்டஞ்சாயா வாங்கிக் குடித்தேன். கடைக்காரர் பாதித் தமிழ், பாதி மலையாளம். "சேச்சி, இனி பஸ்சுக்கு நிக்கண்டா. எஸ்டேட்டு ஜீப்பு இப்ப எறங்கும், அதுல கேறிக்கோ" என்றார். ஏறிக்கொள்ளச் சொல்கிறார் என்று கையசைவில்தான் விளங்கியது. சொல்லி வாய் மூடவில்லை, பனிக்குள்ளிருந்து ஒரு ஜீப் வந்து நின்றது. உள்ளே ஏலக்காய் பறித்துவிட்டுத் திரும்பும் பெண்கள். எத்தனை பேர் என்று எண்ண முடியாதபடி மடிமேல் மடியாக உட்கார்ந்திருந்தார்கள். "எடமிருக்குதுங்களா?" என்று கேட்டேன். மீசைக்கார டிரைவர் சிரித்தார். "ஏறுங்கம்மா, எடம் தானா வரும்." அவர் பெயர் பால்ச்சாமி. ஜீப் அவருடையதுதான்.

பின்பக்க விளிம்பில், என் பக்கத்தில் இருந்த பெண் முதல் வளைவிலேயே என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கண் இறுக மூடியிருந்தது. ஏலக்காய்ப் பிசின் ஏறிக் கறுத்துப்போன விரல்கள். வளைவு முடிந்ததும் விடுவாள், அடுத்த வளைவில் பிடிப்பாள். அந்த ரோட்டில் வளைவுக்குப் பஞ்சமா? பாதி வழி இறங்கிய பிறகுதான் வாயைத் திறந்தாள். "கோவிச்சுக்காதீகக்கா. கை தானா வந்து புடிச்சிருது." போன மழைக்கு வேறொரு ஜீப் கவிழ்ந்ததில் அவளுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்ததாம். புருஷன் வெளியூரில் கட்டட வேலை, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள், அதனால் எலும்பு கூடியதும் மறுபடி ஏறிவிட்டாள். "கீழ ஒரு சோலி கெடைச்சா, சத்தியமா இந்தப் பாழாப்போன ஜீப்பைத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேன்" என்றாள். "எனக்குக் கேக்குது ஆத்தா" என்று முன்னாலிருந்து பால்ச்சாமி குரல் கொடுத்தார். ஜீப்பே சிரித்தது.

நான் வந்த காரியத்தைச் சொன்னேன். அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஆட்டு டீச்சரு நீங்கதானா? பேரு குடுத்திருக்கேனே! பாண்டியம்மா. ஆனா வகுப்பு காலைல பத்து மணிக்காம்ல? அந்நேரம் நாங்க பூராம் காட்டுல கெடப்போம்." எவன் இந்த நேரம் குறித்தது என்று எனக்கு அங்கேயே சூடு ஏறிவிட்டது.

குறித்தவன் முத்து. குரங்கணி போகும் வழியில் மலையடி ஊர் ஒன்றில் பயிற்சிக்கு ஏற்பாடு செய்திருந்த உள்ளூர்ப் பையன், படித்தவன், நல்லவன், ஆனால் எதற்கும் "வந்துரும் டீச்சர்" என்பான். மறுநாள் பத்து மணிக்குச் சமுதாயக் கூடத்தில் போய்ப் பார்த்தால் பின்வரிசையில் செல்போன் நோண்டும் மூன்று இளவட்டங்கள், முன்வரிசையில் மருமகளுக்குப் பதிலாக வந்து உட்கார்ந்த மாமியார்கள். "ஆடு வெச்சிருக்கீங்களா அம்மணி?" என்று ஒருவரைக் கேட்டேன். "மருமக வச்சிருக்கா. அவ மலைக்குப் போயிருக்கா" என்றார். வகுப்பை ஜீப் இறங்கும் நேரத்துக்கு மாற்று என்று முத்துவிடம் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன். ஏலக்காய் மணம் தெருத்தெருவாக அடிக்கிற ஊரில் டீயில் ஏலக்காய் கிடையாது. கேட்டேன். "அதெல்லாம் வெளியூருக்குப் போற சரக்கும்மா" என்றார் கடைக்காரர்.

சாயங்காலம் வந்தார்கள். தூக்குவாளியும் கையுமாக, ஜீப்பிலிருந்து இறங்கி நேராக. எல்லோரும் களைத்திருந்தார்கள், ஆனாலும் ஆட்டைக் கண்டதும் பேச்சு வந்துவிட்டது. இமையைப் பிதுக்கிப் பார்த்து ரத்தசோகை கண்டுபிடிப்பது, குளம்பு சீவுவது, குடற்புழு மருந்தை மூச்சுக்குழாய்க்குள் போகாமல் ஊற்றுவது. நான் "அம்மணி" என்று கூப்பிடும்போதெல்லாம் ஒருத்தியை ஒருத்தி கிள்ளிக்கொண்டு சிரித்தார்கள். எங்கள் பக்கத்தில் பட்டியில் ஆடு அடைத்தால் முள்வேலி, படல் என்று ஊருக்கே தெரியும். இங்கே வீட்டுக்கு ரெண்டு மூணு ஆடு, அதுவும் வாசலில் பிள்ளைகளோடு பிள்ளையாக நிற்கிறது. பழகிப் பார்ப்பதற்கு என்று பால்ச்சாமி தன் கிடாவை விட்டுவைத்திருந்தார். கன்னங்கரேலென்று, எண்ணெய் தேய்த்த மினுமினுப்பு. யார் அதன் வாயைத் திறந்து பார்த்தாலும் சாதுவாகக் காட்டியது.

இந்தப் பயிற்சியின் முடிவில் ஒரு வேலை இருந்தது. ஊருக்கு ஒரு பெண், கால்நடைத் தோழி என்று பெயர். தடுப்பூசிக்கு டாக்டர் வரும்போது கூட நிற்க வேண்டும், மற்ற நாளில் வீடு வீடாகப் போய் ஆடு மாடு பார்க்க வேண்டும். சனிக்கிழமை செய்முறைத் தேர்வு. அதில் தேறினால் மட்டும் போதாது, ஊர் கூடி 'இவள் எங்கள் ஆட்டைத் தொடலாம்' என்று ஒப்ப வேண்டும். பாண்டியம்மா ஒவ்வொரு சாயங்காலமும் முதல் ஆளாக வந்தாள், கடைசி ஆளாகப் போனாள். "டீச்சர், இது மட்டும் கெடைச்சுட்டா..." என்று ஆரம்பிப்பாள், முடிக்க மாட்டாள். முடிக்க வேண்டியதில்லை, அந்தக் கையை நான் மணிக்கட்டில் உணர்ந்தவள்.

புதன்கிழமை காதில் அட்டை மாட்டுவது சொல்லித்தர வேண்டிய நாள். அட்டைகள் வரவில்லை. "தேனியில நிக்குதாம் டீச்சர். நாளைக்கு வந்துரும்" என்றான் முத்து. காத்திருப்பது என் ஜாதகத்திலேயே கிடையாது. என் பையில் பழைய இடுக்கி ஒன்று இருந்தது, காதோரத்தில் சின்னதாக முக்கோணத் துண்டு எடுப்பது. எங்கள் பக்கம் பெரிய பண்ணைகளில் அடையாளத்துக்கு அப்படித்தான் செய்வோம். "அட்டை இல்லாட்டிப் போகுது, இதுல பழகுங்க. காதைப் புடிக்கற பக்குவம் ஒண்ணுதான்" என்று இடுக்கியை நீட்டினேன்.

சந்தைக்கடையாக இருந்த கூடம் சட்டென்று அடங்கியது. ஆளாளுக்குத் தரையைப் பார்த்தார்கள். ரத்தத்துக்குப் பயப்படுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். "தேர்வுல காதைப் புடிக்கச் சொன்னா இப்படித்தான் நிப்பீங்களா?" என்று ஒரு அதட்டல் வேறு. பாண்டியம்மா எழுந்து வந்தாள். பால்ச்சாமியின் கிடாவின் இடது காதைத் தொட்டாள், விட்டாள். கிடாவைச் சுற்றி நிறுத்தி வலது காதைப் பிடித்தாள். ஒரே அழுத்து. கிடா தலையை உதறியதோடு சரி. மருந்து தடவி, துண்டை எடுத்துக் காட்டினாள். அவ்வளவு சுத்தமான வெட்டு. நான் கைதட்டினேன், வேறு யாரும் தட்டவில்லை.

கிடாவை ஓட்டிப் போக வந்த பால்ச்சாமி வாசலிலேயே நின்றுவிட்டார்.

"யாரு இதைச் சாமிக்கு விட்டது?"

அப்போதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. இந்தப் பக்கம் ஆட்டைச் சாமிக்கு நேர்ந்துவிட்டால் காதில் துண்டு எடுப்பார்கள். எடுத்துவிட்டால் அது சாமியுடையது. விற்கக் கூடாது, வீட்டு விசேஷத்துக்கு அடிக்கக் கூடாது, மாசியில் சாமி கும்பிடும்வரை வளர்க்க மட்டும்தான் செய்யலாம்.

"அண்ணே, எடது காதை நான் தொடவே இல்லண்ணே" என்றாள் பாண்டியம்மா. "எங்க கருப்புச் சாமிக்கு எடதுதான? அதான் வலதுல..."

"உங்க கருப்புக்கு எடது. எங்க முனியாண்டிக்கு வலது."

ஐயோ! அவள் தெரிந்தே தவிர்க்கப் பார்த்திருக்கிறாள். வாக்கப்பட்டு வந்த வீட்டுக்கு இடது காது என்பதால் ஊருக்கே இடது என்று எண்ணிவிட்டாள். முனியாண்டியைக் கும்பிடுகிற வீடுகள் இந்த ஊரில் ஒரு கை விரலுக்குள்தான்.

நான் குறுக்கே விழுந்தேன். "இது வெறும் அடையாளமுங்க. யாரும் வேண்டிக்கவே இல்லீங்களே. வேண்டாம எப்படிங்க சாமிக்கு ஆகும்?"

"தெரியாமத் தாலியக் கட்டிப்புட்டா கல்யாணம் இல்லண்டு ஆயிருமா டீச்சர்?" என்றார் பால்ச்சாமி. "ஞாயித்துக்கெழம எந் தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் சீருக்குண்டு வளத்த கெடா. வெறுங்கையோடவா போயி நிக்க?" பாண்டியம்மா பக்கம் திரும்பினார். "நீ இனிமே எவன் வீட்டு ஆட்டுக்கிட்டயும் போகக் கூடாது, சொல்லிட்டேன். கூட்டத்துலயும் இதையேதான் சொல்லுவேன்."

அவர் போன பிறகு முத்து என் காதோரம் வந்து சொன்னான், "பால்ச்சாமி அண்ணே சொன்னா ஊரு தட்டாது டீச்சர்." இதற்கு மட்டும் 'சரியாயிரும்' என்று சொல்லமாட்டேன் என்கிறானே என்று அவன்மேல் எரிச்சல் வந்தது. எரிச்சல் உண்மையில் யார்மேல் என்று எனக்குத் தெரியாதா என்ன?

வியாழக்கிழமை பகல் முழுக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. போடியில் ஒரு தெரு பாக்கியில்லாமல் நடந்தேன். புரோட்டாவைப் பிய்த்துப் போட்டுவிட்டு எழுந்து வந்தேன். கறிக்கடைக்காரர்களிடம் போய் நல்ல கறுப்புக் கிடா எங்கே கிடைக்கும் என்று விசாரித்தேன், "சந்தையன்னிக்கு வாங்கம்மா" என்றார்கள். சந்தை எப்போது என்று கேட்டால், அவர்கள் சொன்ன நாளுக்குள் நான் ஊருக்கே போயிருப்பேன். ஆட்டோக்காரரிடம் காரணமில்லாமல் சண்டை போட்டேன். சாயங்காலம் ஜீப் இறங்கும் இடத்தில் போய் நின்றேன். பாண்டியம்மா இறங்கினாள். நாள் பூராவும் பால்ச்சாமி அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லையாம்.

"நான் எப்படியாவது ஒரு கெடா புடிச்சுக் குடுக்கறேன் அம்மணி" என்றேன்.

"வேணாம் டீச்சர். நீங்க குடுத்தா அது நீங்க குடுத்தது. நீங்க ஊருக்குப் போயிருவீக. நாந்தான இங்கன இருக்கணும்."

அழுகை வந்தது எனக்கு. அவளுக்கு வரவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

அன்று பொழுது சாயும் முன், கிடா யாருக்கு என்று சாமியிடமே கேட்க முனியாண்டி மரத்தடியில் பூக் கட்டிப் பார்த்தார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்பு ஒரு பொட்டலம், ரெண்டும் ஒரே மாதிரி இலையில் மடித்துச் சாமி காலடியில். வெள்ளை வந்தால் காதறுத்தது கணக்கில்லை, சிவப்பு வந்தால் கிடா சாமிக்கு. எடுத்தது ஞாயிற்றுக்கிழமை காது குத்திக்கொள்ளப்போகிற அதே சின்னப் பெண். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் வெள்ளை வரணும், வெள்ளை வரணும் என்று உள்ளுக்குள் அடித்துக்கொண்டேன்.

சிவப்பு.

பூசாரி திருநீற்றை எடுத்துக் கிடாவின் நெற்றியில் பூசினார். "கெடா சாமிக்குத்தான். காதறுத்த கைதான் மாசி வரைக்கும் வளக்கணும். அதான் மொறை." வழக்கமாகக் காதறுப்பது கிடாவின் சொந்தக்காரராகத்தான் இருக்குமாம். இப்படி ஒரு சிக்கல் வரும் என்று எந்தக் காலத்திலும் யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். பால்ச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

"அண்ணே, நில்லுங்க" என்றாள் பாண்டியம்மா. "எங்கிட்ட செவலைக் கெடா நிக்குதுல்ல. அத ஓட்டிட்டுப் போங்க. கெடாவுக்குக் கெடா."

எனக்கு அந்தச் செவலையைத் தெரியும். தாய் செத்துப்போன குட்டிக்குப் பாலாடையில் பால் ஊட்டி வளர்த்ததாக வகுப்பில் பெருமை அடித்துக்கொண்டது அதைப் பற்றித்தான். பால்ச்சாமி திரும்பி வந்தார். "ஒங் கெடாவ நான் ஏன்..." என்று இழுத்தார். "சீருக்கு ஆகும்ண்ணே. காதுல ஒண்ணும் இல்ல, நல்லாப் பாத்துக்கங்க" என்றாள். பூசாரிகூடச் சிரித்துவிட்டார். பால்ச்சாமி சிரிக்கவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை காலையில் வந்து செவலையை ஓட்டிக்கொண்டு போனார்.

சனிக்கிழமை தேர்வு. அட்டைகள் அன்றைக்குக் காலையில்தான் வந்து சேர்ந்தன, முத்து என்னைப் பார்த்து வெற்றிச் சிரிப்பு சிரித்தான். தேர்வாளர் ஒல்லியான மனிதர், கறாரானவர். பாண்டியம்மா முறை வந்தபோது, வேறெதையும் கேட்காமல், "காதில் அட்டை மாட்டிக் காட்டுங்கள்" என்றார். அவள் கருவியை எடுக்கவில்லை. ஆட்டைப் பிடித்துக்கொண்டிருந்த அதன் சொந்தக்கார அம்மாவிடம் திரும்பினாள். "ஆத்தா, உங்க வீட்டுச் சாமிக்கு எந்தக் காது?"

"எங்களுக்கு எடது. நீ வலதுல குத்து, குத்தமில்ல."

வலதில் மாட்டினாள். தேர்வாளர் என்ன ஏது என்று விசாரித்தார், அவள் ரெண்டே வரியில் சொன்னாள். அவர் தலையாட்டிக்கொண்டே தேறியதாகச் சொன்னார். நான் அன்றிலிருந்து எந்த ஊருக்குப் போனாலும் வகுப்பில் முதல் கேள்வியாக இதைத்தான் கேட்கிறேன். பாதி ஊர்களில் என்னைப் பைத்தியம் என்று நினைக்கிறார்கள். போகட்டும்.

ஞாயிற்றுக்கிழமை காதுகுத்துக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். பந்தியில் உட்கார்ந்தேன். பரிமாறிக்கொண்டு வந்தது பாண்டியம்மா. இலையில் கறி விழுந்ததும் கை நின்றுவிட்டது எனக்கு. "சாப்பிடுங்க டீச்சர்" என்றாள். "நல்லா வளத்த கெடா." சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போய்விட்டாள். நான் சாப்பிட்டேன். ஒரு வாய்கூட மிச்சம் வைக்கவில்லை. வைத்தால் அவளுக்குத்தான் அவமரியாதை என்று தோன்றியது. பால்ச்சாமி தங்கச்சி மகளை மடியில் வைத்திருக்க, காது குத்தினார்கள், குழந்தை வீரிட்டது, ஊரே கைதட்டியது. அவர் பாண்டியம்மா இருந்த பக்கம் ஒரு தடவையும் பார்க்கவில்லை. ஊர்க் கூட்டம் அடுத்த வாரம்.

திங்கட்கிழமை விடிகாலை நான் கிளம்பினேன். வந்தபோது கண்ணில் படாமல் போன மலையை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்று ஆசை. போடிமெட்டு வரை பால்ச்சாமியின் ஜீப்பிலேயே ஏறிக்கொண்டேன், பின்பக்க விளிம்பில் இடம் இருந்தது. ஊரை விட்டு வெளியேறும் முன் ஜீப் பழக்கதோஷத்தில் பாண்டியம்மா வீட்டு முனையில் நின்று ஹாரன் அடித்தது.

அவள் வெளியே வந்தாள். தலைகூட வாரவில்லை, கையில் கறுப்புக் கிடாவின் கயிறு. "நான் வரலண்ணே, போயிட்டு வாங்க" என்றாள். சாமி கிடாவை விட்டுவிட்டு மலைக்குப் போகக் கூடாது என்று மாமியாரே சொல்லிவிட்டாராம். மாசி வரைக்கும் மூச்சு விடலாம், அதற்குப் பிறகு என்ன என்பது ஊர் சொல்வதைப் பொறுத்தது. ஜீப்புக்குள் எல்லோருக்கும் அது தெரியும்.

பால்ச்சாமி எஞ்சினை அணைத்தார். இறங்கிப் போய்க் கிடாவின் காதைப் புரட்டிப் பார்த்தார்.

"காயம் ஆறிருச்சே."

"ஆறிருச்சுண்ணே. தெனம் மருந்து போடுறேன்."

தாடையைச் சொறிந்துகொண்டார். "வீட்டுல வெள்ளைப் பெட்டை செனையா நிக்குது. நேத்துலருந்து சரியா மேய மாட்டேங்குது. வெரசாப் போயி என்னண்டு பாரு."

பாண்டியம்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கயிற்றை வாசல் கல்லில் கட்டினாள். அவசரத்தில் முடிச்சு ரெண்டு தடவை நழுவியது.

பால்ச்சாமி ஏறி வண்டியைக் கிளப்பினார். கிளப்பியவர் தலையை மட்டும் வெளியே நீட்டினார். "கண்ணப் பாரு, வாயப் பாரு, மருந்து என்ன வேணும்னாலும் ஊத்து. காத மட்டும் தொட்ராத ஆத்தா!"

ஜீப்பே குலுங்கியது சிரிப்பில். பாண்டியம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், சிரித்துக்கொண்டே அவர் வீட்டுப் பக்கம் ஓட்டமும் நடையுமாகப் போனாள். நான் உட்கார்ந்திருப்பது அவளுடைய இடம் என்பது முதல் வளைவில்தான் உறைத்தது. கீழே பள்ளம் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு பக்கத்துப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.